பழைய எபிசோடைத் தேடிப் பிடிக்க எந்தச் சேவை நல்லது? சீரியல் தொடர்ச்சி பார்ப்பவர்களுக்கான மதிப்பீடு

ஆயிரம் எபிசோடைத் தாண்டிய ஒரு சீரியலில், ஒரு பாத்திரத்துக்கு ஒரு ரகசியம் எப்போது தெரிய வந்தது என்று நிரூபிக்க வேண்டுமானால், பழைய எபிசோடு கைக்கு எட்ட வேண்டும். அது எட்டினால் வாதம் ஐந்து நிமிடத்தில் தீரும். எட்டாவிட்டால், "அவளுக்குத்தான் அன்னைக்கே தெரியுமேங்க அத்தை" என்று மருமகளும், "அன்னைக்கு அவ அந்த வீட்லயே இல்ல, நீ வேற சீரியலச் சொல்ற" என்று மாமியாரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் இழுப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சீரியலை இப்படி ஊன்றிப் பார்ப்பவர்கள் நிறைய. மாங்கூழ் ஆலையில் பழம் தரம் பிரிக்கும் பெண்களிடமும், ஓசூர் பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்களிடமும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அவர்களை மனதில் வைத்து, ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், தயாரிப்பு நிறுவனங்களின் யூடியூப் சேனல்கள், வீட்டு டிஷ் பெட்டியின் பதிவு வசதி ஆகிய நான்கையும் ஒரே ஒரு கண்ணோட்டத்தில் இங்கே எடைபோடுகிறோம்: கதையின் தொடர்ச்சியைச் சரிபார்க்க இவை எவ்வளவு உதவும்? படத் தெளிவு, புதுப்படம், கிரிக்கெட் எல்லாம் இந்த மதிப்பீட்டில் வராது.

முதலில், எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். வாதம் பாதி இடங்களில் இங்கேதான் தடம் மாறுகிறது.

எது தொடர்ச்சிப் பிழை, எது அல்ல

நடிகர் மாறுவது பிழை அல்ல. "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுத்துப் போட்டுவிட்டு அதே பாத்திரத்தை இன்னொருவர் ஏற்பது தமிழ் சீரியலின் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். பாண்டியன் ஸ்டோர்ஸ் முதல் கதையில் (2018–2023) முல்லை பாத்திரத்தில் மூன்று பேர் நடித்தார்கள். சித்ரா 2020 டிசம்பரில் மறைந்த பிறகு காவ்யா அறிவுமணி வந்தார், 2022-இல் அவர் விலகியதும் லாவண்யா வந்தார். பாரதி கண்ணம்மாவில் ரோஷினி ஹரிப்ரியன் போய் வினுஷா தேவி வந்தது 2021 கடைசியில். எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். சில வாரங்கள் அந்தப் பாத்திரம் திரையில் தோன்றாமலே கதை நகர்ந்து, பிறகு வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். இந்த மாற்றங்களில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல. புதிய நடிகர் ஏற்ற பாத்திரம் பழைய நடிகர் காலத்தில் பட்டதையும் கேட்டதையும் நினைவில் வைத்திருக்கிறதா என்பதைத்தான். குணசேகரன் விஷயத்தில் வீட்டுப் பெண்களின் பழைய கணக்கு அப்படியே தொடர்ந்தது. இயக்கியவர் திருச்செல்வம் ஒருவரே என்பதால் அது சாத்தியமானது என்பது எங்கள் கருத்து.

ஆள் மாறும்போது உண்மையான சிக்கல் ஃபிளாஷ்பேக்கில் வரும். பழைய காட்சியை அப்படியே காட்டினால் பழைய முகம் தெரியும். அதனால் அந்தக் காட்சியைப் புது நடிகரை வைத்து மறுபடி எடுப்பார்கள். எடுக்கும்போது சேலை மாறும், நின்ற இடம் மாறும், சில நேரம் வசனமே மாறிவிடும். வசனம் மாறினால் அது பிழை. முன்பு "யோசிச்சுச் சொல்றேன்" என்றவர், மறுபடி எடுத்த ஃபிளாஷ்பேக்கில் "சரி" என்று சொல்லிவிட்டால் கதையே வேறாகிறது. ஃபிளாஷ்பேக்கை ஆதாரமாகக் காட்டும் யாரையும் நம்பாதீர்கள். முதல்முறை ஒளிபரப்பான காட்சிதான் சாட்சி.

பாரதி கண்ணம்மாவில் ஊரே கேட்ட கேள்வி ஒன்று உண்டு: குழந்தை தன்னுடையதுதானா என்று சந்தேகப்படும் பாரதி ஒரு டாக்டர், அவரே ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா? இது நியாயமான கேள்வி. ஆனால் இது கதையின் தர்க்கத்தில் உள்ள ஓட்டை, தொடர்ச்சிப் பிழை வேறு. கதை முன்பு சொன்னதற்கு எதிராகப் பின்பு சொன்னால் மட்டுமே தொடர்ச்சிப் பிழை. இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் பழைய எபிசோடு எத்தனை போட்டாலும் வாதம் தீராது.

சித்தி 2 வேறு வகை. 2020 ஜனவரியில் தொடங்கிய அந்தத் தொடரிலிருந்து, சித்தியாக நடித்த ராதிகா 2021-இல் விலகிவிட்டார். பெயரில் சித்தி இருக்க, கதையில் சித்தி இல்லாமல் அந்த ஆண்டு நவம்பர் வரை ஓடியது. பெயருக்கும் கதைக்கும் உள்ள உறவு அறுந்ததை நாங்கள் பெரிய குறையாகவே எண்ணுகிறோம். ஆனாலும் எபிசோடு தேடி நிரூபிக்க வேண்டிய வகைக் குறை அது அல்ல.

அதேபோல், பாண்டியன் ஸ்டோர்ஸ் 2 என்பது 2023 அக்டோபர் கடைசியில் தொடங்கிய புதுக் கதை. முதல் கதையில் மூத்த அண்ணன் மூர்த்தியாக வந்த ஸ்டாலின் இதில் அப்பா பாண்டியன். ஹேமா இரண்டிலும் மீனா என்ற பெயரிலேயே வருகிறார், ஆனால் அவர் வேறு மீனா. கதிர் என்ற பெயரும் இரண்டிலும் உண்டு, ஆளும் வேறு குடும்பமும் வேறு. "மீனாவோட அப்பா முன்னாடி வேற ஆளு" என்று சண்டைக்கு வருபவரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்ற தொடர் (2024 டிசம்பரில் தொடங்கியது) இதற்கு நேர் எதிர். அதே வீடு, அதே குடும்பம், விட்ட இடத்திலிருந்து போகும் கதை. அங்கே பழைய எபிசோடைக் காட்டி வாதாட முழு உரிமை உண்டு.

இரண்டு கடிகாரம்

நீண்ட சீரியல்களில் பிழை அதிகம் விழும் இடம் காலக் கணக்கு. வாரம் ஆறு நாள் என்றால் ஆண்டுக்கு முன்னூறு எபிசோடுக்கு மேல். கதைக்குள் ஒரு நாள் நடப்பது திரையில் ஒரு வாரம் ஓடும். ஒரு கல்யாணம் என்றால் பந்தக்கால் நடுவதிலிருந்து தாலி ஏறுவது வரை மூன்று நான்கு வாரம். அப்படியானால் நமக்கு ஓர் ஆண்டு போகையில் கதைக்குள் சில மாதங்கள்தான் போயிருக்கும். இது கதையின் கடிகாரம்.

ஆனால் பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை மட்டும் நம் நாட்காட்டிப்படி கதைக்குள் வந்துவிடும். விளம்பரதாரருக்கும் சேனலுக்கும் பண்டிகை எபிசோடு வேண்டும். இது இரண்டாவது கடிகாரம். இரண்டும் மோதும் இடத்தில்தான் கர்ப்பக் கணக்கு உதைக்கிறது. ஆடியில் நாள் தள்ளிப்போனது என்று சொல்லப்பட்ட பெண், தை தாண்டி அடுத்த ஆடியிலும் வளைகாப்புக்குக் காத்திருப்பார். குழந்தை பிறந்த பிறகு நிலைமை தலைகீழாகும். கைக்குழந்தையை வைத்துப் படம் பிடிப்பது கடினம் என்பதால், சீக்கிரமே நடக்கிற, பேசுகிற குழந்தை வந்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க எழுத்தாளர்கள் எடுக்கும் வழி காலத் தாவல். பாரதி கண்ணம்மா எட்டு ஆண்டு தாவியது. தாவல் நேர்மையான வழிதான், கணக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க உதவும். பெரியவர்களின் தலைமுடி, வீட்டுச் சுவர் வண்ணம், கையில் இருக்கும் போன், வாசலில் நிற்கும் கார் ஆகியவை எட்டு ஆண்டு நகர்ந்தனவா என்று பார்ப்பவர்கள் பார்க்கலாம். நாங்கள் அதைவிட முக்கியமாகக் கருதுவது, தாவலுக்கு முன் பள்ளியில் படித்தவர் தாவலுக்குப் பின் எந்த வயதில் நிற்கிறார் என்பதைத்தான். பக்கத்து வீட்டுப் பையன், கடைசித் தங்கை போன்ற துணைப் பாத்திரங்களில்தான் இந்தக் கணக்கு தவறும். கதாநாயகன் நாயகி வயதை எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மகா சங்கமம் இன்னொரு பொறி. இரண்டு சீரியல் குடும்பங்களைச் சேர்த்து ஒரு மணி நேரமாக ஓட்டுவார்கள். விஜய் டிவியில் பாக்கியலட்சுமியும் பாண்டியன் ஸ்டோர்ஸும் அப்படிச் சேர்ந்தன. ஒன்றின் கதைக்களம் சென்னை, மற்றது காரைக்குடி பக்கம் குன்றக்குடி. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், அந்த 250 கிலோமீட்டருக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். குன்றக்குடி அதைவிடத் தூரம். மகா சங்கமத்தில் இந்தப் பயணம் காலை காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடிந்துவிடும். அதைக்கூட மன்னிக்கலாம். சங்கமம் முடிந்த பிறகு இரண்டு குடும்பமும் ஒன்றை ஒன்று மறந்துபோவதுதான் உண்மையான குறை. அவ்வளவு நெருங்கிப் பழகியவர்கள் அடுத்த விசேஷத்துக்கு ஒரு பத்திரிகை கூட வைப்பதில்லை.

பிழை ஏன் விழுகிறது என்பதும் தெரிந்திருந்தால் தேடுவது எளிது. கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். காட்சிகள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. வாடகைக்கு எடுத்த ஷூட்டிங் வீட்டில் ஒரு ஷெட்யூலில் அந்த வீட்டுக் காட்சிகள் அத்தனையும் எடுத்துவிட்டு, கோயில், ஆஸ்பத்திரிக் காட்சிகளைப் பிறகு எடுப்பார்கள். உடை, பொட்டு, வளையல் கன்டினியூட்டியை உதவி இயக்குநர் போட்டோ எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். யாருக்கு எது தெரியும் என்பதற்குப் போட்டோ கிடையாது. எழுத்தாளர் மாறினாலோ, கால்ஷீட் கிடைக்காமல் ஒரு காட்சி இன்னொரு பாத்திரத்துக்குத் தள்ளப்பட்டாலோ, அந்த அறிவு விட்டுப்போகும். அதனால் ஒரு நடிகர் நாலைந்து வாரம் "ஊருக்குப் போயிருந்தார்" என்றால், அவர் திரும்பி வந்த வாரத்தை உன்னிப்பாகப் பாருங்கள். அவர் இல்லாதபோது நடந்ததை, யாரும் சொல்லாமலே அவர் தெரிந்து வைத்திருப்பார்.

எந்தத் தொடர் எங்கே இருக்கிறது, ஏன்

இதைப் புரிந்துகொள்ளாமல் சந்தா கட்டுவது வீண். சன் டிவியில் நீண்ட காலமாக இருந்த முறை, தயாரிப்பாளர் நேரத்தை வாங்கித் தொடரை ஓட்டுவது. தொடரின் உரிமை தயாரிப்பாளரிடமே தங்கியது. அதனால் சன் டிவியில் ஓடிய பழைய தொடர்களில் பல இன்று தயாரிப்பு நிறுவனங்களின் யூடியூப் சேனல்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ராடான் சேனலில் சித்தி, வாணி ராணி. விகடன் சேனலில் கோலங்கள், திருமதி செல்வம், தெய்வமகள். சரிகம சேனலில் சந்திரலேகா, ரோஜா. இயக்குநர் திருமுருகனின் திரு டிவியில் நாதஸ்வரம். விஜய் டிவியின் வழி வேறு. அங்கே தொடரின் உரிமை சேனலிடம் இருப்பதால் அதன் செயலியைத் தாண்டி முழு எபிசோடு கிடைப்பது அரிது.

யூடியூப் சேனல்களுக்குத்தான் நாங்கள் முதலிடம் தருகிறோம். காரணம் இலவசம் என்பது மட்டும் அல்ல. சாட்சியை நிமிடம், நொடியோடு பிறருக்கு அனுப்ப முடிகிற ஒரே இடம் அது. 14 நிமிடம் 5 நொடியில் இருக்கும் வசனத்தைக் காட்ட வேண்டுமா, வீடியோ முகவரியின் கடைசியில் நேரத்தை 845 நொடி என்று சேர்த்தால், திறப்பவருக்கு நேராக அந்த இடத்திலேயே ஓடும். கம்ப்யூட்டரில் வீடியோ மேல் வலது கிளிக் செய்தால் அந்த நொடிக்கான முகவரியை நகலெடுக்கும் வசதியும் வரும். படத்தை நிறுத்திவிட்டுக் கீபோர்டில் கமா, புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னும் முன்னும் நகரும். கதவருகே நின்று கேட்டது யார், கடிதத்தில் எழுதியிருந்த தேதி என்ன என்பதற்கு இது போதும். வேகத்தை 1.5 அல்லது 2 என்று வைத்தாலும் பேச்சு புரியும்.

குறைகளும் உண்டு. பிளேலிஸ்ட் வரிசை எல்லா இடத்திலும் சரியாக இல்லை. நடுவில் எண்கள் விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு எபிசோடு ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். சில பதிவுகளில் முன்கதைச் சுருக்கமும் தலைப்புப் பாட்டும் வெட்டப்பட்டிருக்கும். "இவருக்குப் பதில் இவர்" அட்டை அதோடு சேர்ந்து போய்விடும். சினிமாப் பாட்டு பின்னணியில் வந்த இடத்தில் ஒலி அடைக்கப்பட்டு, அந்த நேரத்தில் பேசிய வசனமும் கேட்காமல் போவது உண்டு. வாதத்துக்குரிய வசனம் அந்த இடத்தில் இருந்தால் உதட்டசைவைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். தமிழ் சீரியலில் பலருக்கு டப்பிங் குரல்தான். நடிகர் வாயசைத்தது ஒன்று, டப்பிங்கில் திருத்திப் போட்டது வேறு என்பது சாதாரணம்.

ஜியோஹாட்ஸ்டார், ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரி 14 அன்று ஒன்றாகி வந்த செயலி. விஜய் டிவி பார்ப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை, அந்த அளவில் இது கட்டாயம். எபிசோடுகள் சீசன், எண் வரிசையில் நிற்பது இதன் பெரிய பலம். பாக்கியலட்சுமி போல 2020-இலிருந்து 2025 வரை ஓடிய தொடரில், ராதிகா என்ற பாத்திரத்தில் ஜெனிஃபர் இருந்த காலத்துக்கும் ரேஷ்மா வந்த காலத்துக்கும் எண்ணை வைத்தே தாவலாம். இதில் ஒரு எச்சரிக்கை. எபிசோடு பெயரிலேயே என்ன நடக்கிறது என்று ஒரு வரி இருக்கும். பின்னால் போய்த் தேடும்போது முன்னால் வரப்போவது கண்ணில் பட்டுவிடும். முழுத் தொடரையும் இன்னும் பார்க்காதவர் கையில் போனைக் கொடுத்துத் தேடச் சொல்லாதீர்கள்.

சந்தா எடுக்கையில் திட்டத்தைப் படித்துவிட்டு எடுங்கள். தொடங்கிய நேரத்தில் 3 மாதத்துக்கு 149 ரூபாய் என்ற மொபைல் திட்டம் ஒரே ஒரு போனுக்கு மட்டும். டிவியில் ஓடாது. 299 ரூபாய்த் திட்டத்தில்தான் டிவியும் வந்தது. இரண்டிலும் விளம்பரம் உண்டு. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வாதாடுவதற்கு ஆறு அங்குலத் திரை போதாது. எனவே இந்தப் பயன்பாட்டுக்கு மொபைல் திட்டத்தை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்டு முடிந்து பத்து மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர், அன்றைய எபிசோடை மட்டும் படுக்கையில் பார்த்துவிட்டுத் தூங்குவதற்கு அது தாராளம்.

சன் நெக்ஸ்ட் 2017 ஜூனில் வந்தது. சன் டிவியின் தற்போதைய தொடர்களுக்கு இதுதான் இடம். தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம் சேனல்களும் ஒரே சந்தாவில் இருப்பது ஓசூர், தேன்கனிக்கோட்டை வீடுகளுக்குப் பொருந்தும். ஆனால் சன் டிவியில் ஓடிய எல்லாமே இங்கே இருக்கும் என்று எண்ணிப் பணம் கட்டக் கூடாது. மேலே சொன்ன உரிமைக் காரணத்தால், தேடும் பழைய தொடர் இங்கே இருக்கிறதா என்று பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, முதல் எபிசோடும் கடைசி எபிசோடும் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுச் சந்தா எடுங்கள். நடப்புத் தொடர் என்றால் நன்று. பத்தாண்டுக்கு முந்தைய தொடர் என்றால் முதலில் யூடியூபுக்குப் போங்கள்.

ஆயிரத்தில் ஒன்றைப் பிடிக்கும் முறை

20 நிமிடம் வீதம் ஆயிரம் எபிசோடு என்றால் 333 மணி நேரம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் 222 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 111 நாள். இதை யாரும் செய்ய வேண்டியதில்லை. நடுவில் வெட்டித் தேடினால் பத்துத் தடவையில் போய்ச் சேரலாம். 500-ஆவது எபிசோடைப் போடுங்கள். குழந்தை பிறந்துவிட்டதா? இல்லை என்றால் 750. அங்கே பிறந்துவிட்டது என்றால் 625. இப்படிப் பாதியாக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பார்த்தாலே போதும், இருபது நிமிடத்தில் சரியான எபிசோடு வரும். இதற்கு, முன்பா பின்பா என்று உடனே சொல்லக்கூடிய அடையாளம் ஒன்று வேண்டும். நடிகர் மாற்றம் இதற்கு மிக நல்ல அடையாளம், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கழுத்தில் தாலி, வீடு மாறியது, இறந்தவர் படத்தில் மாலை ஆகியவையும் உதவும். உடையையும் கோபதாபத்தையும் வைத்துத் தேடாதீர்கள், அவை திரும்பத் திரும்ப வரும்.

எபிசோடு எண்ணை வைத்து வாதாடுவது ஆபத்து. மகா சங்கமத்தை ஓரிடத்தில் ஒரு எபிசோடாகவும் இன்னோரிடத்தில் இரண்டாகவும் கணக்கிட்டிருப்பார்கள். யூடியூபில் ஒட்டிப் போட்டதால் எண்கள் தேய்ந்திருக்கும். ஒளிபரப்பான தேதிதான் பொது அளவுகோல். தேதி தெரியாவிட்டால் சேனலின் புரோமோ கைகொடுக்கும். சன் டிவியின் சீரியல் புரோமோக்கள் தலைப்பிலேயே தேதியோடு யூடியூபில் கிடக்கின்றன. ஆனால் புரோமோவில் வந்ததை எபிசோடில் வந்ததாகச் சொல்லக் கூடாது. புரோமோவுக்காக வெட்டி ஒட்டியதில் ஒருவர் கேட்ட கேள்விக்கு வேறொரு காட்சியில் சொன்ன பதில் ஒட்டப்பட்டிருக்கும்.

2020-ஐத் தனியாகக் கவனியுங்கள். கொரோனா ஊரடங்கால் மார்ச் கடைசியில் படப்பிடிப்பு நின்று, ஜூலை கடைசியில்தான் பல தொடர்கள் புது எபிசோடோடு திரும்பின. அந்த இடைவெளியில் பல பாத்திரங்களுக்கு ஆள் மாறியது. இடைவெளியில் பழைய எபிசோடுகளையே மறு ஒளிபரப்பு செய்தார்கள். 2002 முதல் 2005 வரை ஓடிய மெட்டி ஒலியும் அப்போதுதான் மீண்டும் வந்தது. அந்த மாதங்களில் பார்த்ததை நினைவில் வைத்துக் காலம் சொல்கிறவர்கள் வரிசையைக் குழப்பிவிடுவார்கள். கதைக்குள்ளும், ஊரடங்குக்கு முன் பாதியில் நின்ற காட்சி நான்கு மாதம் கழித்து அதே நாளாகத் தொடர்ந்தது. தலைமுடி நீளத்தைப் பார்த்தாலே எங்கே வெட்டு என்று தெரியும்.

நோட்டு ஒன்று போட்டுக்கொள்வது எல்லாச் செயலியையும்விடப் பயன்படும். நான்கு பத்தி போதும்: ஒளிபரப்புத் தேதி, என்ன ரகசியம், யாருக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது. சிறகடிக்க ஆசை (2023 ஜனவரி முதல்) இந்த நோட்டுக்காகவே எழுதப்பட்டது போன்ற தொடர். ரோகிணியின் உண்மைப் பெயர், மலேசிய அப்பா என்ற பொய், மகன் கிரிஷ் ஆகிய மூன்றும் மூன்று தனி ரகசியங்கள். ஒன்று தெரிந்தவருக்கு மற்றது தெரிந்திருக்க வேண்டியதில்லை. "அவங்களுக்குத் தெரியும்" என்று பொதுவாக எழுதினால் பிறகு குழம்பும். எந்த ரகசியம் என்று தனித்தனியாக எழுதுங்கள். "சந்தேகப்பட்டார்", "பாதி கேட்டார்", "முழுதாகத் தெரியும்" என்று மூன்று நிலை வைத்தால் வாதத்தில் பெரும்பகுதி தானே அடங்கிவிடும். பாதி கேட்டவரைத்தான் பார்வையாளர்கள் முழுதும் தெரிந்தவர் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு உள்ள வசதி

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் ஓசூர் வட்டாரத்தில் இன்னொரு சாட்சி இருக்கிறது: அதே கதையின் பக்கத்து மொழிப் பதிப்பு. பாரதி கண்ணம்மாவுக்கும் தெலுங்கின் கார்த்திக தீபத்துக்கும் வேர் மலையாளத்துக் கறுத்தமுத்து. கார்த்திக தீபம் 2017-இலேயே தொடங்கிவிட்டதால், அதைப் பார்த்தவர்களுக்குத் தமிழில் வரப்போவது முன்பே தெரியும். பாக்கியலட்சுமியின் மூலம் வங்காளத்து ஸ்ரீமோயி. பாண்டியன் ஸ்டோர்ஸ் தமிழில் பிறந்து தெலுங்கில் வதினம்மாவாகவும், கன்னடத்தில் வரலட்சுமி ஸ்டோர்ஸாகவும் போனது.

இது நல்ல வசதிதான், ஆனால் தவறாகப் பயன்படுகிறது. தெலுங்கில் பார்த்த நிகழ்ச்சியைத் தமிழில் நடந்ததாக நினைத்து, "முன்னாடியே சொன்னாங்க, இப்போ மாத்திட்டாங்க" என்பார்கள். ரீமேக்கில் திரைக்கதை நூறு எபிசோடுக்குப் பிறகு பெரும்பாலும் தனி வழியில் போய்விடும். பக்கத்து மொழிப் பதிப்பு ஒன்றுக்கு மட்டும் உதவும்: தமிழில் ஒரு முடிச்சு திடீரென்று கைவிடப்பட்டால், மூலத்தில் அது எங்கே போய் முடிந்தது என்று பார்த்து, எழுத்தாளர் எதைச் சுருக்கினார் என்று அறியலாம்.

டேட்டாவும் டிஷ் பெட்டியும்

480பி தரத்தில் 20 நிமிட எபிசோடு சுமார் 100 முதல் 200 எம்பி வரை இழுக்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் எட்டு, பத்து எபிசோடு பார்க்கலாம். வெட்டித் தேடுவதற்குத் தரத்தை 240பி என்று வைத்துக்கொண்டு, சாட்சிக் காட்சி வந்ததும் உயர்த்துங்கள். அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கம் போல சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில், சிக்னல் உள்ள இடத்திலேயே செயலியில் டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு வீட்டில் பார்ப்பது நல்லது. டவுன்லோடுக்குக் காலக்கெடு உண்டு, சில நாளில் அழிந்துவிடும்.

இணையம் சரியாக வராத வீட்டுக்கு, பதிவு வசதி உள்ள டிஷ் பெட்டியோடு ஒரு பென் டிரைவ் அல்லது ஹார்டு டிஸ்க். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி என்று கணக்கு வைத்தால், 500 ஜிபி டிஸ்கில் ஒரு தொடரை அரை மணி வீதம் மூன்று ஆண்டு சேர்க்கலாம். கேபிள் பெட்டியில் யூஎஸ்பி துளை இருப்பதாலேயே பதிவாகும் என்று எண்ண வேண்டாம், கேபிள்காரரிடம் கேட்டுக்கொண்டு டிஸ்க் வாங்குங்கள். பதிவு நேரத்தை இரு பக்கமும் ஐந்து நிமிடம் கூட்டி வையுங்கள். முந்தைய சீரியல் இழுத்தால் கடைசிக் காட்சி வெட்டுப்படும், தொடர்ச்சிக்குக் கடைசிக் காட்சிதான் முக்கியம். மறுநாள் அதே காட்சியை வேறு கோணத்தில் தொடங்குவார்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முந்தைய நாள் இல்லாத ஒருவர் மறுநாள் வாசலில் நிற்பது தெரியும்.

இப்படிப் பதிவானவை பெரும்பாலும் பூட்டப்பட்ட கோப்புகள், பதிவு செய்த அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டி பழுதாகி மாற்றித் தந்தால், டிஸ்கில் உள்ளது அத்தனையும் திறக்காது. பெட்டியில் கோளாறு தென்பட்ட உடனே, முக்கியமான காட்சிகளை டிவித் திரையிலிருந்து போனில் படம் பிடித்து, ஒளிபரப்புத் தேதியைப் பெயராக வைத்துச் சேமித்துவிடுங்கள்.